இரண்டு பொட்டலமும் வெள்ளை

அம்மனை ஏமாற்றப் பார்த்து, அம்மன் சந்நிதியிலேயே கையும் களவுமாகப் பிடிபட்டவள் நான். அதுவும் ஒரு பூனைக்காக. இதை நானே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் என் தங்கை கண் காது மூக்கு வைத்துச் சொல்லிவிடுவாள்.

ஐம்பதுகளின் கடைசி. எனக்குப் பதினெட்டு வயது. தாதிப் பயிற்சியில் சேர்ந்து மூன்றே மாதம் ஆகியிருந்தது. கட்டில் விரிப்பின் மூலையை மடித்துச் செருகவும் காய்ச்சல் பார்க்கவும் மட்டும்தான் கற்றுக்கொடுத்திருந்தார்கள். ஆனால் என் நடையைப் பார்த்தால் சிங்கப்பூரின் பாதி நோயாளிகள் என் தயவில் மூச்சு விடுகிறார்கள் என்று தோன்றும். ("மிஸ்ஸி வந்துட்டாங்க, எல்லாரும் போய்ப் படுத்துக்கங்க" என்பாள் அம்மா. எங்கள் பக்கத்தில் நர்சுக்கு மிஸ்ஸி என்றுதான் பெயர்.)

எங்களுக்குத் தேக்காவில் பூக்கடை. மாடியில் வீடு. கடையில் ஒரு சாம்பல் நிறப் பூனை. தான் ஒரு துரும்பையும் அசைக்காமல், மற்றவர்கள் வேலை செய்வதை உயரத்தில் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கும். அதனால் அப்பா அதற்குக் கிராணி என்று பெயர் வைத்திருந்தார். அப்பா கடை போடுமுன் ஜொகூர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அங்கே கணக்கெழுதி ஆட்களை மேய்த்த தோட்டத்துக் கிராணியிடம் வாங்கிய ஏச்சுக்கெல்லாம் இந்தப் பூனையைப் பெயர் சொல்லி அதட்டித்தான் ஆறுதல் தேடிக்கொண்டார். ஆனால் மீன் வாங்கினால் நடுத்துண்டு கிராணிக்குத்தான் போகும்.

ஒரு சனிக்கிழமை மாலை, தெருவைக் கடந்த கிராணியின் பின்னங்கால் மேல் காய்கறி லாரி ஏறிவிட்டது. அப்பா தன் வேட்டியாலேயே அதைச் சுற்றித் தூக்கிக்கொண்டு மாட்டு டாக்டரிடம் ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். டாக்டர் ஒரு வெள்ளைக்காரர், பொறுமைசாலி. பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னார்: எலும்பு நொறுங்கிப் போயிற்று, காயத்தில் அழுக்கு ஏறிவிட்டது. காலை எடுத்தால் பிழைக்க வழியுண்டு. இல்லையென்றால் ஊசி போட்டு வலியில்லாமல் அனுப்பிவிடலாம். நாளைக் காலை பத்து மணிக்குள் முடிவு சொல்லுங்கள்.

இதை அப்பாவுக்குத் தமிழில் சொல்வது என் வேலை. சொன்னேனா? டாக்டரைக் கேள்வி மேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். பூனைக்கு மயக்க மருந்து எவ்வளவு கொடுப்பீர்கள்? எந்த இடத்தில் அறுப்பீர்கள்? ரத்தக்குழாயை எதால் கட்டுவீர்கள்? நான் கூட நின்று பார்க்கலாமா? டாக்டர் கடைசியில் என் தலைக்கு மேலாக அப்பாவைப் பார்த்து, கையால் கால் வெட்டுவதுபோல் செய்துகாட்டினார். அப்பாவுக்கு அது போதுமாயிருந்தது, முகம் வெளுத்துவிட்டது.

வீட்டில் அம்மா ஊசி என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை. காலை எடுப்பதற்கும் சம்மதிக்கவில்லை. மூங்கில் பத்தையும் பச்சிலையும் வைத்துக் கட்டும் ஒரு சீன வைத்தியரிடம் போகலாம் என்றாள்.

"கால் போன பூனைய வாசல்ல வச்சுக்கிட்டுக் கல்யாண மாலை விக்க முடியுமா? முகூர்த்தத்துக்கு வாங்க வர்றவங்க அடுத்த கடைக்குப் போயிருவாங்க லா."

நான் பாடப் புத்தகத்தில் இருந்த நீளமான ஆங்கில நோய்ப் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். அம்மா கொட்டாவி விட்டாள். அப்பா சோற்றில் கை வைக்கவில்லை. நடுக்கூடத்தில் பூக்கூடைக்குள் கிடந்த கிராணி, அவர் பக்கத்தில் போனால் மட்டும் வால் நுனியை லேசாக அசைத்தது.

"காலையில கோயில்ல பூக் கட்டிப் பார்த்துருவோம்" என்றார் அப்பா.

பூக் கட்டிப் பார்ப்பது எங்கள் வீட்டில் சுப்ரீம் கோர்ட்டு மாதிரி. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே மாதிரி வாழையிலையில் மடித்து அம்மன் காலடியில் வைத்து, குருக்களை ஒன்றை எடுக்கச் சொல்வோம். அதற்குமேல் அப்பீல் கிடையாது. வெள்ளை வந்தால் காலை எடுப்பது, சிவப்பு வந்தால் சீன வைத்தியர் என்று முடிவாயிற்று.

பொட்டலம் கட்டும் வேலை எனக்கு வந்தது. இரண்டிலும் நந்தியாவட்டையை வைத்து மடித்தேன். கிராணி பிழைக்க வேண்டும் என்பதற்காகத்தான் செய்தேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதி, எனக்கு அந்த ஆபரேஷனைப் பார்த்தே ஆக வேண்டும். தட்டை அப்பாவிடம் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனேன்.

கோயிலில் குருக்கள் அப்பாவிடம் கேட்டார்: "யாருக்குப் பார்க்கணும்?"

"வீட்ல ஒருத்தருக்கு. கால்ல பலமான அடி."

"பேரு?"

"கிராணி" என்றார் அப்பா, கண்ணை மூடிக்கொண்டே.

"ஓ, தோட்டத்துல உத்தியோகமா? நட்சத்திரம்?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "பரணி" என்றார். (பரணி அவருடைய நட்சத்திரம். கடன் கொடுத்துவிட்டார்.)

குருக்கள் கிராணி என்கிற பரணி நட்சத்திரக்காரருக்கு அர்ச்சனை செய்து, கற்பூரம் காட்டி, ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே பளபளவென்று செவ்வரளி.

"சிவப்பு எப்படி வரும்? ரெண்டுலயும் வெள்ளைதானே வச்சேன்?"

இதைக் கேட்டது யார் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். என் குரல்தான். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மொத்தமும் என்னைப் பார்த்தது. அந்தத் தரை பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லிவிட்டு உள்ளே போயிருப்பேன்.

அப்பா கோபப்படவில்லை. "முப்பது வகைப் பூவை ராப்பகலா அளையிறவன் நான். இலைக்கு மேல தொட்டா எனக்குத் தெரியாதா? ரெண்டும் நந்தியாவட்டை. வர்ற வழியில ஒண்ணை மாத்திட்டேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏம்மா செஞ்ச?"

ஆங்கில நோய்ப் பெயர் ஒன்றுகூட வாயில் வரவில்லை. "கட்டுப் போட்டா செத்துரும்ப்பா. வார்டுல ஒரு தாத்தா, காலை எடுக்க விடமாட்டேன்னுட்டாரு. விஷம் மேல ஏறிருச்சு. நாலாம் நாள் அவரோட விரிப்பை நான்தான் உருவினேன்." சொல்லிவிட்டு அழுதேன்.

"இதை நேத்தே சொல்லியிருந்தா நான் எதுக்குடி கோயிலுக்கு வர்றேன்?" என்றாள் அம்மா. அவள் கண்ணும் கலங்கியிருந்தது. "புரியாத இங்கிலீசெல்லாம் பேசினாளே ஒழிய, இதைச் சொன்னாளா பாருங்க."

அப்பா குருக்களிடம் கேட்டார்: "சாமி, சிவப்பு வந்துருச்சு. மீறினா தப்பா?"

"முதல்ல இது யாரோட காலு, சொல்லுங்க."

"பூனையோடது."

குருக்கள் செவ்வரளியைப் பார்த்தார், அம்மனைப் பார்த்தார், அர்ச்சனைத் தட்டைப் பார்த்தார். "பொண்ணு உண்மையைச் சொல்லிட்டா. அம்பாளுக்கு அது போதும். மணி ஒன்பதரை ஆச்சு, கிளம்புங்க" என்றார்.

பத்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது பூக்கூடையோடு போய்ச் சேர்ந்தோம். டாக்டர் கூடையை வாங்கிக்கொண்டு, எனக்கு வெளியே இருந்த பெஞ்சைக் காட்டி உட்காரச் சொல்லி, கதவைச் சாத்தினார். அம்மனை ஏமாற்றும் அளவுக்குப் போன நான் அந்தச் சிகிச்சையில் பார்த்தது, கதவுக்கு அடியில் தெரிந்த ஒரு ஜோடி பழுப்புச் சப்பாத்து மட்டுமே. இடது சப்பாத்தின் நாடா அவிழ்ந்திருந்தது.

கிராணி பிழைத்துக்கொண்டது. இரண்டே மாதத்தில் மூன்று காலோடு தன் பழைய உயரத்துக்கு ஏறி உட்கார்ந்து மேற்பார்வையைத் தொடர்ந்தது. கல்யாண வீட்டார் யாரும் அடுத்த கடைக்குப் போகவில்லை. நான்தான் மாட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து வீட்டில் நான் எதைச் சொன்னாலும், கறிக்குழம்பா மீன் குழம்பா என்று கேட்டால்கூட, "எங்க, அந்தப் பொட்டலத்தையும் பிரி பார்ப்போம்" என்பார்கள்.

பத்து வருடம் கழித்து, அப்பாவுக்குச் சர்க்கரை வியாதியில் பாதம் கறுத்தது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார்கள். அந்தத் தாத்தா கிடந்த அதே வார்டுதான், நான் அப்போது மூத்த தாதி. இந்தத் தடவை ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். அப்பா தன் காலைப் பார்த்தார்.

"பரணி நட்சத்திரத்துக்கு ஒரு பூக் கட்டிட்டு வாம்மா" என்றார். "ரெண்டுலயும் வெள்ளையே வை. நான் மாத்த மாட்டேன்."