காந்தி ஜெயந்தியில் கறிசோறு

தொப்பூர் கணவாயில் மூங்கில் தட்டியும் தென்னங்கீற்றுமாக நான் போட்ட கறிசோத்துக் கடை இன்று மாடி வைத்த கட்டடம். பாறையைத் தவிர ஒன்றும் கிடைக்காது என்று எல்லாரும் கைவிரித்த இடத்தில் கிணறு வெட்டித் தண்ணீர் பார்த்தவன் நான். பிரேக் பிடிக்காத லாரி ஒன்று கடைக்குள் புகுந்து அடுப்பங்கரை வரை எட்டிப் பார்த்தது. மறுநாளே சுவர் எழுப்பி உலை வைத்தேன். படித்தது மூன்றாவது. (அதிலும் முழுப்பரீட்சைக்குப் போகவில்லை.) இத்தனையும் சாதித்த எனக்கு, கடை வாசலில் ஒரு பஸ்ஸை நிறுத்த முடியவில்லை.

எண்பதுகளில் நடந்த கதை. என் மகள் செல்வி எட்டாவது முடித்திருந்தாள். அதற்கு மேல் படிக்கத் தர்மபுரிக்குப் போக வேண்டும். பஸ்ஸெல்லாம் எங்களைப் பார்த்து ஹாரன் அடித்துவிட்டுப் பறந்துவிடும். அடுத்த ஸ்டாப்புக்கு நடக்கலாம் என்றால், லாரி உருளுகிற வளைவில் பெண் பிள்ளையை எப்படி அனுப்புவது? ஜூன் மாதத்திலிருந்து அவள் கடையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என் மகள் படித்தே தீர வேண்டும் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

எங்கள் எம்.எல்.ஏ. ரொம்பக் கட்டுப்பெட்டியான மனுசர். நாங்கள் அனுப்பியது மெட்ராஸுக்கு. அவர் பேசுவதெல்லாம் டெல்லி விஷயம். வெளிநாட்டுக் கடன் வாங்கக் கூடாது, டி.வி. பெட்டி குடும்பத்தைக் கெடுக்கும், ஜனவரி ஒன்றாம் தேதிக்கு லீவு விடுகிறவன் வெள்ளைக்காரனுக்கு இன்னும் கப்பம் கட்டுகிறவன் என்பார். லீவு என்றாலே அவருக்கு ஆகாது.

"தலைவர் பொறந்தா லீவு, செத்தா லீவு. இந்த நாடு எப்பய்யா வேலை செய்யும்? காந்தி என்னைக்காவது லீவு போட்டாரா? அவர் பொறந்த நாள்ல ரெண்டு பங்கு வேலை செய்யணும். அதுதான் தேசபக்தி" என்று கூட்டத்தில் முழங்கினார்.

முன்வரிசையில் உட்கார்ந்து கை சிவக்கத் தட்டினேன். கூட்டம் முடிந்ததும் மாலை போட்டு, பஸ் ஸ்டாப் கேட்டேன்.

"காந்தி ஜெயந்தி அன்னைக்கு சேலத்துக்கு அந்த வழியாத்தான் போறேன். பஸ் ஆபீசரையும் கூட்டிட்டு வர்றேன். இடத்தைப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. (செய்யாமல் இருந்திருக்கலாம்.) கூட்டத்தில் அவர் சொன்னதை அப்படியே செய்து காட்டினால் மனுசர் குளிர்ந்துவிட மாட்டாரா?

என் வீட்டுக்காரி ராஜாமணி தடுத்தாள். "ஏங்க, அன்னைக்குக் கறிக்கடையெல்லாம் சாத்திருப்பாங்க. அவரு கறி வாசனையே ஆகாதவருங்கறாங்க. இட்லி சுட்டு வெச்சாப் போதாதுங்களா?"

"ரெண்டு பங்கு வேலை செய்யச் சொன்னது அவரு. என் வேலை கறிசோறு. நான் போயி ராட்டையா சுத்த முடியும்?"

கொல்லையில் நானே கெடா வெட்டினேன். செல்வியை விட்டுப் பெரிய போர்டு எழுதி ரோட்டோரம் நிறுத்தினேன்: 'காந்தி ஜெயந்திக்கு இங்கு லீவு இல்லை. எம்.எல்.ஏ. ஐயா சொற்படி சுடச்சுடக் கறிசோறு.'

மற்ற கடைகளில் கறி இல்லாததால் லாரிக்காரர்கள் அத்தனை பேரும் என் கடையில் இறங்கினார்கள். ரோட்டின் இரண்டு பக்கமும் லாரி. கணவாயே அடைத்துக்கொண்டது. அந்த நெரிசலில் எம்.எல்.ஏ. ஜீப்பும் மாட்டியது. கதர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தார், பின்னால் ஆபீசர். அன்றைக்கு அவர் பொழுது சாயும் வரை மௌன விரதம் என்பது எனக்குத் தெரியாது. கையில் சிலேட்டு வைத்திருந்தார்.

போர்டைக் காட்டிக் கையை ஆட்டினார். எழுத்து சின்னது என்கிறாராக்கும் என்று நினைத்தேன். தலையில் அடித்துக்கொண்டார். வெயிலில் தலைவலி என்று உட்காரவைத்து இலை போட்டேன். கையெடுத்துக் கும்பிட்டார். அடக்கமான மனுசர் என்று குழம்பை ஊற்றினேன்.

"கும்புடறாருங்க, வுட்டுடுங்க" என்றாள் ராஜாமணி உள்ளேயிருந்து.

சிலேட்டில் எழுதி நீட்டினார். என் மூன்றாவது வகுப்புக்கு அந்தக் கிறுக்கல் பிடிபடவில்லை. செல்வி வாங்கித் தடங்கலில்லாமல் வாசித்தாள்: "போர்டை உடனே கழற்று. என் மானம் போகிறது."

அதற்குள் ஒரு லாரி டிரைவர், "இது ஐயா கடைங்களா? இன்னொரு கரண்டி போடச் சொல்லுங்க" என்றார்.

விரதம் அந்த இடத்தில் உடைந்தது.

"யோவ், இது என் கடை இல்லய்யா" என்று கத்தியவர் என் பக்கம் திரும்பினார். "நான் இருக்கற வரைக்கும் இங்க ஸ்டாப் கெடையாது. போ."

கரண்டியும் கையுமாக நின்றேன்.

அவர் சிலேட்டைத் திருப்பி வாங்கும்போது செல்வியைப் பார்த்தார். "நல்லாப் படிக்கறியே. எந்தப் பள்ளிக்கூடம்?"

"எதுவும் இல்லீங்க. பஸ் நிக்கறதில்லீங்க. ஜூன்ல இருந்து எனக்குத் தெனமும் லீவுதாங்க."

தினமும் லீவு என்ற வார்த்தை அவரை எங்கேயோ குத்தியிருக்க வேண்டும். ஆபீசரிடம் சொன்னார்: "நாளையில இருந்து பஸ் இங்க நிக்கணும். இந்தப் பொண்ணு லீவு முடிஞ்சுது."

இலையை நகர்த்திவிட்டு எழுந்து போனார். பள்ளிக்கூடத்திலும் சொல்லி அவளைச் சேர்த்துவிட்டார்.

இன்றும் கண்டக்டர்கள் "காந்தி கறிசோறு எறங்கு" என்றுதான் கூவுகிறார்கள். அரூர் பக்கம் தலைமை ஆசிரியையாக இருக்கும் செல்வி, லீவு நாளிலும் வகுப்பு வைத்துப் பிள்ளைகளிடம் திட்டு வாங்குகிறாள். ஒவ்வொரு காந்தி ஜெயந்திக்கும் போன் செய்து, "அப்பா, இன்னைக்குக் கடை உண்டுங்களா?" என்பாள். பேரப்பிள்ளைகள் பின்னாலிருந்து சிரிப்பார்கள்.

ஸ்டாப்பில் பிறகு கட்டிய நிழற்குடையின் கல்வெட்டில் எம்.எல்.ஏ. பேர் இருக்கிறது, ஆபீசர் பேர் இருக்கிறது. என் பேர் இல்லை. பஸ்ஸை நிறுத்தினது செல்வி பேச்சு என்கிறாள் ராஜாமணி. போர்டு வைத்ததால்தானே ஜீப்பே நின்றது? இப்போது ரோட்டை அகலப்படுத்தி, நிழற்குடையைப் புதிதாகக் கட்டப்போகிறார்களாம். எம்.எல்.ஏ. பேர் மேலேயே இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. அதற்குக் கீழே என் பேரை வெட்ட வேண்டும். எழுத்து அவர் எழுத்து அளவுக்கே இருக்க வேண்டும்.