ஏரிக்கரையில் முதுகு காட்டி உட்கார்ந்தவர்

சிரிக்கக்கூடாத இடத்தில்தான் எனக்குச் சிரிப்பு வரும். இந்த வியாதியால் ஒரு நல்ல வரன் கைநழுவிப் போனது.

எழுபதுகளின் கடைசி. திருவண்ணாமலையில் டைப்ரைட்டிங் பாஸ் பண்ணிவிட்டுக் கல்யாணத்துக்குக் காத்திருந்தேன். பொழுது போகாமல் ஒரு வெளிநாட்டுக் காலண்டரைப் பார்த்துப் படம் வரைந்தேன். காட்டுக்குள் ஓர் ஏரி, கரையில் ஒற்றை ஆள். எனக்கு முகம் வராது (மூக்கு கத்திரிக்காயாகிவிடும்). அதனால் ஆளைத் திருப்பி உட்கார வைத்தேன். அவர் போட்டிருந்த கோட்டின் மடிப்பும் வரவில்லை, வெற்றுடம்பாக்கிவிட்டேன். பெண்ணுக்குக் கைவேலை தெரியும் என்று காட்ட வேண்டுமாம், அப்பா அதற்குக் கண்ணாடி போட்டு, செத்துப்போன தாத்தாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அங்கேதான் ஆணி இருந்தது.

கீழ்பென்னாத்தூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையன் வாத்தியார். ஜன்னல் வழியாகப் பார்த்ததிலேயே எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. காபி ஆறுவதற்குள் மனசுக்குள் குடித்தனமே ஆரம்பித்துவிட்டேன்.

விசேஷம் என்றால் அம்மா, சட்டம் போட்ட எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துப் பூ சாத்துவார் (முகம் பார்க்கும் கண்ணாடிகூடத் தப்பாது). அன்றைக்குப் பூ ஜாஸ்தி. தாத்தாவுக்குப் போட்ட மாதிரியே ஏரிக்கரை ஆளுக்கும் மாலை விழுந்திருந்தது.

நான் காபித் தட்டோடு வந்தபோது, பையனின் அம்மா அந்தப் படத்தின் எதிரில் நின்றிருந்தார்.

"யாருங்க இவரு? ஏரியில போயிட்டவருங்களா?"

அவ்வளவுதான், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். அது ஆளே இல்லை, காலண்டரைப் பார்த்துச் சும்மா வரைந்தது என்று சொல்லிவிட்டு, மறுபடி சிரித்தேன். டம்ளர் கவிழ்ந்து காபி அப்பாவின் வேட்டியில் கொட்டியது.

அந்த அம்மா மெல்ல உட்கார்ந்தார்.

"என் தம்பி ஏரியிலதாம்மா போனான். ஒரு போட்டோகூட கெடையாது. முதுகு அப்படியே அவனுதாட்டம் இருந்துச்சு. அதான் கேட்டேன்."

எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தால் விக்கல் வந்தது. சொஜ்ஜியும் பஜ்ஜியும் ஆறிக் கிடக்க, கை நனைக்காமலேயே கிளம்பிவிட்டார்கள். வாத்தியார் வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். என்னையல்ல, படத்தை.

சில நாள் கழித்துத் தரகர் வந்தார். ஜாதகம் சரியில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, போகிற நேரத்தில் தலையைச் சொறிந்தார்.

"அந்தப் படத்த மட்டும் குடுப்பீங்களானு அந்தம்மா கேட்டாங்க."

அப்பா படத்தைக் கழற்றிச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். நான் தோட்டத்துப் பக்கம் போய், முதல் தடவையாக, முகம் தெரியாத அந்தத் தம்பிக்காக அழுதேன். வாத்தியாருக்காகவும்தான்.

அந்த வீட்டில் ஆடி அமாவாசைப் படையல் அந்தப் படத்துக்குத்தான் என்று கேள்வி. பிறகு என்னைக் கட்டிக்கொண்டவர், வீட்டுக்கு யார் வந்தாலும் இன்றைக்கும் சொல்கிறார்:

"இவளப் பொண்ணு பாக்க வந்தவங்க, இவள வேணாம்னுட்டு, இவ வரைஞ்சவரக் கூட்டிக்கினு போயிட்டாங்க."