மைத்துனரின் கண்ணும் மற்ற றக்பியும்

பெண் வீட்டாரைக் கவர நினைக்கும் மாப்பிள்ளை, கலியாணம் முடியும்வரை வாயைத் திறக்காமல் இருப்பதே நல்லது. எனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. (சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டேன்.)

கலியாணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது, மோர்னிங்சைட்டில் நான் கட்டப்போகிற அபியின் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். அவளுடைய தம்பி கௌதம் தொலைக்காட்சியில் றக்பி பார்த்துக்கொண்டிருந்தான். கனடாவுக்கு வருமுன் அந்தக் குடும்பம் வட இங்கிலாந்தில் இருந்தது. அங்கே வளர்ந்த கௌதமுக்குக் குளிர்சாதனப் பெட்டியின் அகலத்தில் தோள்கள். என்னோடு அதுவரை நாலு சொல் பேசியிருந்தால் அதிசயம்.

"நானும் கொழும்பில பள்ளிக்கூடத்துக்கு றக்பி விளையாடினனான்," என்றேன்.

(உண்மைதான். இரண்டாவது அணிக்கு. பெரும்பாலும் ஓரத்து வாங்கில் குந்தியிருந்து தண்ணீர்ப் போத்தல்களைக் காவல் காத்தேன்.)

கௌதம் துள்ளி எழுந்தான். "சீரியஸ்லி, அத்தான்? சண்டே எங்கட பிராக்டிஸ் மேட்சில மற்றப் பக்கத்துக்கு ஒரு ஆள் குறையுது. நீங்கள் வாறீங்கள்!"

போனேன். எங்கள் பக்கத்தில் என்னோடு பதின்மூன்று பேர் நின்றார்கள். றக்பிக்குப் பதினைந்து பேர் வேண்டுமே, மற்ற இரண்டு பேர் நித்திரையாகிவிட்டார்களாக்கும் என்று நினைத்தேன்.

சற்று நேரத்தில் பந்து கோட்டுக்கு வெளியே போனது. எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்போதெல்லாம் ஒருவனைத் தூக்கிப் பிடிப்போம். அவன் உயரத்தில் நின்று, திரும்ப உள்ளே எறியும் பந்தைப் பிடிப்பான். நான் ஓடிப்போய், பக்கத்தில் நின்ற செம்பட்டைத் தாடிக்காரரின் தொடைகளை இறுக்கிப் பிடித்து மேலே தூக்க முயன்றேன். அவர் அலறினார்.

கௌதம் ஓடிவந்தான். "அத்தான், என்ன செய்யிறீங்கள்? நீங்கள் விளையாடினது எந்த றக்பி?"

"எந்த றக்பி எண்டால்? றக்பிதானே! பதினைஞ்சு பேர்..."

"யூனியனா?" என்று கத்தினான்.

ஆட்டம் நின்றுவிட்டது. கருவறைக்குள் சப்பாத்தோடு நுழைந்தவனைப் பார்ப்பதுபோல எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உலகத்தில் இரண்டு றக்பி இருக்கிறது என்பதும், ஒன்றை ஆடுபவர்களுக்கு மற்றதை ஆடுபவர்களைக் கண்ணில் காட்டக்கூடாது என்பதும் முப்பது வயதில்தான் எனக்குத் தெரியவந்தது.

"இது லீக், அத்தான். நீங்கள் விளையாடின யூனியன் பெரிய இடத்துப் பொடியளின்ர விளையாட்டு. வேலையை விட்டிட்டு வந்து விளையாடினவைக்குச் சம்பளம் குடுக்கமாட்டம் எண்டு உவை சொன்னபடியால்தான் எங்கட ஆக்கள் அந்தக் காலத்திலேயே பிரிஞ்சு வந்தவை!"

(எங்கட ஆக்கள் என்றால் யார், யாழ்ப்பாணத்தாரா என்று கேட்க வாய் உன்னியது. அடக்கிக்கொண்டேன்.)

"ஒண்டை மட்டும் ஞாபகம் வையுங்கோ. விழுந்தவனைத் தொடக்கூடாது. அவன் எழும்பி, காலால பந்தைப் பின்னுக்கு உருட்டுவான். பார்த்துக்கொண்டு நில்லுங்கோ."

மண்டைக்கு விளங்கியது. கால்களுக்கு விளங்கவில்லை.

அடுத்த முறை பந்தோடு வந்தவன் கௌதம். தாடிக்காரர் அவனை மடக்கி விழுத்தினார். பந்து கௌதமின் கைக்குள், எனக்கு ஒரு முழத் தூரத்தில். யூனியனில் அப்படிக் கிடக்கும் பந்தின்மேல் பாயாதவனுக்குப் பயிற்றுநரிடம் ஏச்சு விழும். பாய்ந்தேன். அவன் விதிப்படி எழும்பினான். என் முழங்கால் அவனுடைய கண்ணைச் சந்தித்தது.

அதற்குப் பிறகும் பந்தைப் பறித்து, தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன். ஒருவரும் கை தட்டவில்லை.

அபியின் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது கௌதமின் கண் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிவிட்டது. கதவைத் திறந்த மாமி அப்படியே படியில் குந்திவிட்டார். "ஐயோ, மாப்பிள்ளைத் தோழனல்லோ! கலியாணப் படம் முழுக்க மாப்பிள்ளைக்குப் பக்கத்தில இவன்தானே இருக்கப்போறான்!"

அபி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அத்தனை பேர் விளையாட, உங்களுக்கு என்ர தம்பிதான் கிடைச்சவனோ?"

கலியாணத்தன்று மூன்று பூச்சுப் பவுடரையும் தாண்டிக் கண்வீக்கம் தெரிந்தது. மண்டப வாசலில், தோழன் முறைப்படி என் காலைக் கழுவக் குனிந்த கௌதம், "எந்தக் கால், அத்தான்?" என்று மெதுவாகக் கேட்டான். வலது என்றேன். செம்புத் தண்ணீர் முழுவதையும் அதிலேயே ஊற்றினான்.

வந்தவர்கள் எல்லோரும் கண்ணுக்கு என்ன என்று அவனிடம் கேட்டார்கள். "அத்தான் அடிச்சவர்," என்று சிரித்தபடி சொன்னான். சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் மண்டபத்தின் கடைசி மேசைவரை செய்தி போய்ச் சேர்ந்தது: சீதனம் காணாதென்று மாப்பிள்ளை மைத்துனனுக்கு அடித்துவிட்டாராம்!

நாங்கள் எவ்வளவோ விளக்கிப் பார்த்தோம். லீக், யூனியன் என்று தொடங்கினாலே சனம் எழும்பிப் போய்விடும். சீதனக் கதைதான் நிலைத்தது.

போன மாதம் மீன் கடையில் முன்பின் தெரியாத ஒரு அன்ரி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பி, பிறகு அந்தச் சீதனம் முழுக்கத் தந்தவையோ?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன், பக்கத்தில் நின்ற கௌதம் அடிபடாத மற்றக் கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னான்:

"இல்லை, அன்ரி. இன்னும் பாதி கிடக்கு."