மாமா தேறிய தேர்வு

தேர்வு என்று எதைக் கண்டாலும், யாரையாவது அதற்குத் தயார்ப்படுத்தாவிட்டால் எனக்கு உறக்கம் வராது. நெடுங்காலம் தமிழாசிரியனாக இருந்ததன் பின்விளைவு அது (வீட்டில் அதற்கு 'வாத்தியார் வியாதி' என்று பேரு).

அக்காவின் கணவருக்கு அல்சைமர் நோய் தொடங்கியிருந்தது. அதன் வேகத்தைக் குறைக்கக்கூடிய புதிய மருந்தொன்றைச் சிதம்பரத்தில் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். தொடக்கநிலையில் உள்ளவர்களுக்கே இடம். அதிலும் ஓரிடமே எஞ்சியிருந்தது. முதல் சோதனையில், மருத்துவர் படித்துக்காட்டிய ஐந்து சொற்களில் ஒன்றைக்கூட மாமாவால் திருப்பிச் சொல்ல இயலவில்லை. அடுத்த வாரம் மீண்டும் சோதித்துவிட்டுச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். மாமா தோற்றுவிட்டார், இது மறுதேர்வு என்று நானாக முடிவுகட்டினேன்.

கடலூர் திரும்பும் பேருந்திலேயே அந்த ஐந்து சொற்களோடு பாடம் தொடங்கிவிட்டது.

"மச்சான், என்னை ஆஸ்பத்திரிக்கு இட்டுனு வந்தியா, இஸ்கூலுக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதான் மாமா. சொல்லுங்க. குடை, முந்திரி..."

"உடு தம்பி, அவுரு பாவம்" என்றாள் அக்கா. நான் விடவில்லை. பல் துலக்கும்போதும் இட்லிக்கு நடுவிலும் உருப்போட வைத்தேன்.

மறுவாரம் மருத்துவர், "ஐயா, அஞ்சு வார்த்தை சொல்றேன்" என்று தொடங்கியதுதான் தாமதம், "குடை, முந்திரி, கதவு, ஆறு, மணி" என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு மாமா என்னைப் பார்த்தார். நான் கைதட்டினேன் (வெட்கங்கெட்டவன்).

"நான் இன்னும் சொல்லவே இல்லியே" என்றார் அந்த மருத்துவர் அம்மையார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இது பாஸ் பண்ற பரீட்சை இல்ல சார். எவ்ளோ மறந்துருக்குன்னு பாக்குறது. இனிமே இவுரு சொல்றத வச்சி நான் எப்டி அளக்குறது?"

இடம் வேறொருவருக்குப் போயிற்று. அந்த மருந்து பலன் தந்திருக்குமா என்பது ஆராய்ச்சி செய்பவர்களுக்கே இன்னும் தெரியாது. தந்திருக்கலாம் என்று நினைப்பதற்கான உரிமையை மட்டும் நான் அக்காவிடமிருந்து பறித்துவிட்டேன்.

பேருந்தில் மாமா மெல்லக் கேட்டார்: "பாஸா மச்சான்?"

"பாஸ் மாமா."

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் எந்தப் பிள்ளை தேர்வுக்குப் புறப்பட்டாலும், "ஒங்க வாத்தியார் மாமங்கிட்ட மட்டும் படிச்சிடாத. பாஸ் பண்ண வச்சிடுவான்" என்பாள் அக்கா. எல்லோரும் சிரிப்பார்கள். மாமாவும் விழுந்து விழுந்து சிரிப்பார். பிறகு என் பக்கம் சாய்ந்து, "யார சொல்றாங்க, சார்?" என்பார்.

"யாரோ ஒரு வாத்தியாராம்" என்பேன்.