மூன்றடிக்கு அப்பால் ஒரு குடும்பம்

ஒரு காட்டில், உறைபனி விழும் மலை உச்சியில், நெடுஞ்செவியன் என்ற முயல் வசித்தது. அதன் பரம்பரையில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய முயல் அதுதான். அதற்கு முன் அந்த வளையில் யாரும் எதையும் படித்ததில்லை. அதனால் யாருக்கும் எதிலும் சந்தேகம் வந்ததில்லை.

மார்கழியில் அதன் மனைவி பூம்பஞ்சு மூன்று குட்டிகள் போட்டது. கடைசிக் குட்டி நெல்லிக்காய் அளவுதான் இருந்தது. இந்தக் குளிரை அது தாண்டுமா என்பதே வீட்டின் ஒரே கவலை.

நெடுஞ்செவியன் விண்ணப்பம் எழுதி, மூன்று நகல் இணைத்து, காட்டு நலத்துறையிடம் ஒரு பெல்லட் அடுப்பு வாங்கியது. மரத்தூளை அழுத்திச் செய்த சிறு துண்டுகளுக்குத்தான் பெல்லட் என்று பெயர். மேலே கொட்டிவிட்டால் போதும், அடுப்பு தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து எரித்து வீட்டைச் சூடாக்கும். பக்கத்துக் குகையில் இருந்த காட்டுப்பன்றி கருமுகனுக்கும் அதே அடுப்பு கிடைத்தது. கருமுகன் கைநாட்டு. கூடவே வந்த கையேட்டை என்ன செய்வதென்று தெரியாமல், ஆடிக்கொண்டிருந்த அடுப்பின் காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டது.

நம் முயல் கையேட்டை அட்டையிலிருந்து படிக்கத் தொடங்கியது. மொத்தம் அறுபத்து நான்கு பக்கம். பதினேழாம் பக்கத்தில் அதற்கு வியர்த்தது. ‘எரியக்கூடிய எந்தப் பொருளும் அடுப்பிலிருந்து மூன்றடிக்குள் இருக்கக் கூடாது.’

வளையின் அகலமே ஐந்தடி. முயல் இரண்டு முறை அளந்து பார்த்து, அடுப்பை நட்டநடுவில் வைத்தது. பிறகு புல் படுக்கையை வெளியே போட்டது. காய்ந்த கேரட் தழையைப் போட்டது. கடைசியில் சற்று யோசித்து, தன் ரோமத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டது.

“ஏங்க, குட்டிங்களயுமா?” என்றது பூம்பஞ்சு.

“ரோமம் எரியக்கூடியது, பஞ்சு. புத்தகத்துல தெளிவாப் போட்டிருக்கு.”

“அப்போ வீட்டுக்குள்ள யாருதான் இருக்கிறது?”

“அடுப்பு.”

ஆனாலும் அதற்கு மனம் உறுத்தியது. இலவச உதவி எண்ணுக்கு அழைத்தது. நாற்பது நிமிடம் பாட்டு கேட்ட பிறகு ஒரு கிளி பேசியது. பிறந்து பத்து நாளான குட்டி எரியக்கூடிய பொருளா என்று முயல் பணிவாகக் கேட்டது. மூன்றடிக்குள் வைத்துப் பார்த்துவிட்டு முடிவைத் தெரிவிக்குமாறு கிளி அதைவிடப் பணிவாகக் கேட்டுக்கொண்டது. சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்றும் விசாரித்தது. முயல் ஐந்து கொடுத்தது. நான்கு கொடுத்தால் கிளியின் வேலை போய்விடுமோ என்று பயம்.

அடுப்பு உள்ளே ஜம்மென்று எரிந்தது. குடும்பம் வாசலில் நடுங்கியது. அந்தப் பக்கமாக வந்த கருமுகன், “என்ன தம்பி, அடுப்பக் குடிவச்சிட்டு நீ காவலுக்கு உக்காந்திருக்கியா?” என்று கேட்டுவிட்டுப் போனது.

மறுநாள் காலை ஆய்வு அதிகாரியான கீரி வந்தது. வளைக்குள் இருபத்தாறு டிகிரி. எரியக்கூடிய பொருள் ஒன்றுகூட இல்லை. தன் பணிக்காலத்தில் இப்படி ஒரு வீட்டைக் கண்டதில்லை என்று கீரி நெகிழ்ந்து, ‘மாதிரி வெப்ப இல்லம்’ என்று வாசலில் பலகை மாட்டியது. மற்ற காடுகளிலிருந்து பார்வையாளர்கள் வரவிருப்பதால், குடும்பத்தார் உள்ளே போய்க் கெடுத்துவிட வேண்டாம் என்றது. பன்றிக் குகையிலோ ஒன்பது குட்டிகள் அடுப்பைச் சுற்றி மல்லாந்து கிடந்தன. கருமுகனுக்குத் தகுதி நீக்க நோட்டீஸ் கொடுக்கப்பட்டது. வாசிக்கத் தெரியாததால் அதற்கு வருத்தமும் இல்லை.

முயல் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சின்னக் குட்டி நடுங்குவதை நிறுத்தியது. பூம்பஞ்சு அதன் காதைத் தொட்டுப் பார்த்தது. பனிக்கட்டியாக இருந்தது. அது கணவனிடம் எதுவும் கேட்கவில்லை. குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி எடுத்துக்கொண்டு பன்றிக் குகைக்குப் போனது.

“உள்ள வா தங்கச்சி,” என்றது கருமுகன். “இங்க யாருக்கும் படிக்கத் தெரியாது. பயப்படாத.”

மதியம் கருமுகனே வந்து தகவல் சொன்னது. சின்னக் குட்டியின் காது சூடாகிவிட்டது, பால் குடிக்கிறது. முயலுக்குக் கண் கலங்கிவிட்டது. பலகை துடைத்த துணியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டது.

“ரொம்ப நல்லதுண்ணே,” என்றது கடைசியில். “எத்தனை அடி தள்ளிப் படுத்திருக்கு?”

நீதி: வீட்டுக்கு ஒருவராவது படித்திருக்க வேண்டும், பக்கத்து வீட்டில் ஒருவராவது படிக்காமல் இருக்க வேண்டும்.