காசில்லாத காற்று

"இந்தப் பம்பு யார் அனுமதியில இங்க நிக்குது?" என்று கேட்டார் ஆய்வாளர்.

சைக்கிள் கடைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காத்தடிக்கிற பம்பு சார். அதுபாட்டுக்குச் சுவத்துல சாஞ்சு நிக்குது. யார் வேணா அடிச்சுக்கலாம், காசு கிடையாது."

"நடைபாதையில இருக்கே. வெள்ளிக்கிழமைக்குள்ள அனுமதி வாங்கலைன்னா பறிமுதல்."

சிரிப்பு பட்டென்று நின்றது. அது எதிர்க்கடை நெட்டையனின் பம்பு. இருபத்தைந்து வருஷத்துக்கு முன் கடையை மூடிய அன்று, "இனிமே எனக்கு இதால பிரயோஜனமில்ல. உனக்காவது உதவட்டும்" என்று கொடுத்துவிட்டுப் போனான்.

அது ஒரு காலம்! நெட்டையன் பஞ்சருக்கு விலையைக் குறைத்தால், இவர் செயினுக்கு எண்ணெய் சும்மா போடுவார். இவர் எண்ணெய் போட்டால், அவன் பெல்லைத் துடைத்துப் பளபளவென்று ஆக்குவான். நடுவில் நாட்டாமை செய்ய யாரும் வரவில்லை. பகலெல்லாம் முறைத்துக்கொண்டவர்கள் சாயங்காலம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசினார்கள். அப்படிப்பட்டவன் ஏன் திடீரென்று கடையை மூடினான் என்பது இவருக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவன் போனபிறகு போட்டியும் இல்லை, பேச்சுத்துணையும் இல்லை. பம்புதான் மிச்சம்.

பம்பைக் கடைக்குள் நகர்த்தினார். மறுநாள் ஆய்வாளர் எட்டிப் பார்த்தார்.

"உள்ள வந்துட்டா இது பொதுச்சேவை. அறிவிப்புப் பலகை எங்க?"

'காற்று இலவசம்' என்று எழுதி மாட்டினார்.

"இலவசம்னா விளம்பரமாச்சே! அதுக்குத் தனி அனுமதி."

பலகையைக் கழற்றினார்.

"சுவத்துல நாலு ஓட்டை. கட்டடத்துல மாற்றம் பண்ணியிருக்கீங்க. வரைபடம் எங்க?"

"பேசாம சுவத்தையும் கழட்டிடுங்க, பிரச்சினை தீந்துச்சு" என்றாள் மனைவி.

வியாழக்கிழமை காலையில் விண்ணப்பம் எழுதி, சைக்கிள் சக்கரம் போல ஒரு சுழி சுழித்துக் கையெழுத்திட்டு, அலுவலகத்துக்குப் போனார். அதிகாரி இருக்கையில் இல்லை. அலமாரி ஓரமாக உட்கார்ந்திருந்த கடைநிலை ஊழியர்தான் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்.

கடைக்காரர் வெடித்தார். "ஒரு மனுஷன் நாலு பேருக்குச் சும்மா காத்தடிச்சு விட்டா கவர்மெண்டுக்கு எங்கய்யா வலிக்குது? எந்த மகராசன் இந்தச் சட்டத்தைக் கேட்டு வாங்குனான்? அவன் மூஞ்சிய ஒருதரம் பாக்கணும்!"

"பாத்துட்டாப் போச்சு" என்று ஊழியர் ஸ்டூலில் ஏறி, பழைய கோப்பு ஒன்றை இறக்கித் தூசி தட்டினார். முதல் தாளைப் பிரித்தார். அதைப் பார்த்தார், கையிலிருந்த விண்ணப்பத்தைப் பார்த்தார், கடைக்காரரின் முகத்தைப் பார்த்தார்.

"'எதிர்க்கடைக்காரர் வாசலில் பம்பு வைத்து இலவசமாகக் காற்றடிப்பதால் என் தொழில் படுத்துவிட்டது, அரசு உடனே தடுக்க வேண்டும்'னு இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னால வந்த மனு... கீழ இருக்கிற சக்கரம் உங்களோடதுதானே, ஐயா?"