பலாப்பால் பூசிய போர்க்கப்பல்

கொல்லிமலையில் மிளகு உண்டு, பலா உண்டு, கரடியும் உண்டு என்கிறார்கள். இவற்றோடு இன்னொரு இனமும் உண்டு: கடலைக் காலண்டரில் மட்டும் பார்த்த கடற்படைத் தளபதி. ரிமோட்டில் ஓடும் குட்டிப் போர்க்கப்பல்களைச் செய்து, குட்டையில் மிதக்கவிட்டு, ஒன்றையொன்று சுட்டு மூழ்கடிப்பதுதான் இந்த இனத்தின் தொழில், பக்தி, பைத்தியம் எல்லாம்.

அடையாளம் கேட்கிறீர்களா? "பொம்மை" என்று சொல்லிப் பாருங்கள். முகம் சுருங்கினால் அவர்தான். வீட்டில் எந்த டப்பா காலியானாலும் "அதைப் போட்டுறாத, புகைக்கூண்டுக்கு ஆகும்" என்பார். கல்யாண வீட்டில் சாம்பார் வாளியைக் கண்டாலும் அது எவ்வளவு சாய்ந்தால் கவிழும் என்று யோசிப்பார். மழை பெய்தால் ஊரே விதைப்பைப் பற்றிப் பேச, இவர் குட்டையின் ஆழத்தைப் பற்றிப் பேசுவார். தோற்றால்? காற்றுதான் காரணம். எப்போதும் காற்று.

மலைமேல் பைல் நாட்டுத் தனபால் மாமா இந்த இனத்தில் அசல் ரகம். அவருக்கு எதிரி நாடு அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி. அங்கே சைக்கிள் கடை வைத்திருக்கும் ஷாகிர் அண்ணன், ஞாயிறுதோறும் தன் கப்பலை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மலை ஏறுவார். பீரங்கி என்பது பேனாக் குழாயும் ஸ்பிரிங்கும். குண்டு, சைக்கிள் சக்கரத்துக்குள் உருளும் இரும்பு பால்ரஸ். கப்பலின் பக்கங்கள் மெல்லிய அட்டையாக இருக்க வேண்டும், ஓட்டை விழுந்து தண்ணீர் ஏறி மூழ்கினால் தோல்வி. இதுதான் விதி.

மாமா தொடர்ந்து மூழ்கிக்கொண்டே இருந்தார். மாமி அம்சவேணி ஒருநாள் முடிவாகச் சொல்லிவிட்டார்.

"ஏனுங்க, இந்த வாட்டியும் முழுகுச்சுன்னா இதோட சரி. அந்தக் கப்பல் ரூமைக் காலி பண்ணி மொளகு மூட்டை அடுக்கிப்போடுவேன்."

தளபதிக்குக் கப்பல் பட்டறையே பறிபோகும் நிலை. என்ன செய்தார் தெரியுமா? புதுக் கப்பலின் அட்டையில் பலாப்பாலைத் தடவினார். பலாப்பழம் அறுத்துக் கை கழுவியவர்களுக்கு அந்தப் பிசின் தெரியும். விதியில் பலாப்பாலைப் பற்றி ஒன்றும் இல்லையே!

சண்டை தொடங்கியது. ஷாகிர் அண்ணன் சுட்டார். டப். குண்டு ஒட்டிக்கொண்டது. டப் டப். ஒட்டிக்கொண்டன. ஓட்டையே இல்லை!

"என்னங்ண்ணா இது, கப்பலா, ஈ பிடிக்கற காயிதமா?"

"போர்த் தந்திரம், தம்பி!"

"மாமா, கப்பலைத் திருப்புங்க! ஒரே பக்கம் கனம் ஏறுது!" என்று கரையிலிருந்து நான் கத்தினேன்.

"சும்மா இரு சாமி, எனக்குத் தெரியும்."

திருப்பவே இல்லை. அடி வாங்கிய இடது பக்கமே வாங்கிக்கொண்டிருந்தது. இரும்புக் குண்டுகள் பலாச்சுளைபோல் நெருங்கி ஒட்ட, கப்பல் மெல்லத் தலைசாய்ந்து, ஓர் ஓட்டைகூட இல்லாமல் கவிழ்ந்து மூழ்கியது.

மாமா இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தடவி எடுத்து வந்தார். மாமி கரையில் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"ஏனுங்க, ஏன் திருப்பலை?"

"காத்து, அம்சா. திரும்ப உடலை."

மரத்தில் ஓர் இலை அசையவில்லை. ஷாகிர் அண்ணன் கப்பலை வாங்கி வலது பக்கத்தைப் பார்த்தார், அப்படியே மாமியிடம் நீட்டினார். அந்தப் பக்கம் பலாப்பால் இல்லை, ஒரு கீறலும் இல்லை. வெள்ளைப் பெயின்டில் நகத்தளவு எழுத்தில் 'அம்சவேணி' என்று இருந்தது.

மாமி அதை முந்தானையால் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"மொளகைக் கட்டிலுக்கு அடியிலயே போட்டுக்கறேன். மொதல்ல ஈரத் துணிய மாத்துங்க."

சிரிக்கிறீர்கள், தெரிகிறது. சிரியுங்கள். ஆனால் கடைசியாக நீங்கள் தோற்றபோது பஸ் லேட், கரன்ட் கட், காத்து என்று வீட்டில் என்னவோ சொன்னீர்களே, அன்றைக்கு ஓர் இலையாவது அசைந்ததா?